குர்கென் ஓடிய வரி

ஜார்ஜிய மடாலயத்து வாசலில் கோவேறு கழுதை மூட்டையோடு கால் மாற்றி மாற்றி நிற்கிறது. கணவாய்ப் பக்கம் மேகம் கறுக்கிறது. வரலாறு எழுதும் துறவி சோசிமே, தோல் ஏட்டிலிருந்து எழுத்தைச் சுரண்டும் கத்தியோடு ஓடி வருகிறார். தளபதி குர்கென் போரிலிருந்து ஓடிவிட்டான் என்று எழுதியவர் அவர்தான். அவன் களத்திலேயே செத்தான் என்று இன்று காலைதான் சேதி வந்தது. தன் ஏட்டில் அந்த வரியைச் சுரண்டித் திருத்திவிட்டார். ஆனால் திருத்தும் முன்பே அதை ஆர்மேனிய மொழியில் பெயர்த்த சர்கிஸ் பாதிரியார், அந்தப் பிரதியோடு ஊருக்குக் கிளம்பி நிற்கிறார். குர்கெனின் பெயர் கோழையாக மலையைத் தாண்டிவிடக் கூடாது.

“மூட்டையை அவிழுங்க சாமி. ஒரு வரிதான், சுரண்டிடலாம்.”

“நேத்து ஓடினான், இன்னைக்குச் செத்தான். நாளைக்கு எழுந்து வந்தா என்ன செய்வீங்க? பனி விழுந்தா வழி அடைச்சிடும்.” முனகிக்கொண்டே சர்கிஸ் கயிற்றை அவிழ்க்கிறார்.

காற்றில் ஏடுகள் படபடக்கின்றன. சோசிமேவுக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. “எங்கே?” என்கிறார். சர்கிஸின் விரல் ஒரு வரியில் தொடங்குகிறது. நிற்காமல் பக்கத்தின் அடிவரை இறங்குகிறது.

“எங்க ஊர்ல ஒரு வரி பத்தாது சாமி. கொஞ்சம் விரிச்சு எழுதிட்டேன்.”

முதல் பனித்துகள் ஏட்டின்மேல் விழுகிறது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, சோசிமே முதல் எழுத்தில் கத்தியை வைக்கிறார்.