டோப்பாவும் கூந்தல் தைலமும்

விளம்பரப் படப்பிடிப்புக்கு வந்த கூந்தல் தைலக் குப்பியின் வயிற்றில் கதாநாயகனின் படம் ஒட்டியிருந்தது. ஒப்பனை மேசையில் கிடந்த டோப்பாவிடம் அது பெருமையடித்தது.

"அண்ணன் தலைமுடி இப்படி வளர்ந்ததே என்னாலதான், தெரியுமா?"

"யாரு முடிடி?" டோப்பா சிலிர்த்தது. "நான் செல்லாயி தலையில வளர்ந்தவ. பிள்ளை பிழைச்சதுக்கு மொட்டை போட்டு என்னைச் சாமிக்குக் கொடுத்தா. கோயில்ல ஏலம் போய் இங்க வந்தேன். உன்னை வாங்குற காசுல அவ வீட்டுல நாலு நாள் உலை கொதிக்கும்."

"உனக்குப் பொறாமை."

நாயகன் வந்தான். டோப்பாவை மாட்டிக்கொண்டு, குப்பியைக் கன்னத்தில் அணைத்துச் சிரித்தான். விளக்குகள் அணைந்ததும் டோப்பாவைக் கழற்றி வீசினான். வழுக்கை மின்னியது. குப்பியின் மூடியை அவன் திறக்கவே இல்லை.

"அண்ணனுக்கு இன்னைக்கு நேரமில்ல, பாவம்" என்றது குப்பி.

பிறகு குப்பி ஒரு கடைக்கு விற்பனைக்குப் போனது. அங்கே நாயகனின் பெரிய படம் தொங்கியது.

"என்ன செல்லாயி, இன்னும் முடி வளரலையா?" என்றார் கடைக்காரர்.

அவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள். "எவ்வளவு அடர்த்தி! அந்தத் தைலத்தையே கொடுங்கண்ணே."

குப்பி அவள் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.