நாலடி தள்ளி உட்கார்ந்த வைத்தியர்

அந்தக் காட்டில் கரடிதான் வைத்தியர். நல்ல மனசுக்காரர், கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் முள்ளம்பன்றி வயிற்று வலியோடு வந்தபோது மட்டும் நாலடி தள்ளியே உட்கார்ந்துகொண்டார். அத்தனை முள்ளைப் பார்த்ததும் அவருக்குப் பயம்.

“வாயுத் தொல்லைதான். இஞ்சி தின்னுங்க, சரியாப் போயிடும்” என்றார்.

முள்ளம்பன்றி சொன்னபடியே தின்றார். வலி கூடியது. மறுபடி வந்தார். கரடி இடத்தைவிட்டு எழாமலே, “இஞ்சியை இன்னும் கொஞ்சம் கூட்டிக்குங்க” என்று அனுப்பிவிட்டார்.

பிறகு காய்ச்சல் கண்டு முள்ளம்பன்றி படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் மனைவி கரடியின் குகைக்கு ஓடிவந்தாள்.

“வைத்தியரே, அவரை ஒரு தடவையாவது தொட்டுப் பாருங்க!”

“முள்ளு குத்துமேம்மா...”

“வயித்துப் பக்கம் ஏது குத்துற முள்ளு? கிட்ட வந்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

கரடி அவள் பின்னால் ஓடினார். முள்ளம்பன்றியை மெல்லப் புரட்டிக் கை வைத்துப் பார்த்தார். அடிவயிற்றில் ஒரு கட்டி பழுத்து அனலாய்க் கொதித்தது. அதைக் கீறிச் சீழை எடுத்துப் பச்சிலை வைத்தார். காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்தைவிட்டு நகரவில்லை. உயிர் பிழைத்தது. கட்டியின் வலியில் மடங்கிக் கிடந்த ஒரு பின்னங்கால் மட்டும் நிமிராமல் அப்படியே நின்றுவிட்டது.

“முதல்லயே தொட்டுப் பார்த்திருந்தா இந்தக் கால் தப்பிச்சிருக்கும். என்னை மன்னிச்சிடுங்க” என்று அந்தக் காலைத் தடவியபடியே கரடி அழுதார்.

முள்ளம்பன்றி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப அந்தக் கையை எடுத்துடாதீங்க வைத்தியரே, இதமா இருக்கு.”