கட்டைவிரலில் கசகசா

ஓஸ்தாப் என் மனைவியின் கையில் முத்தமிட்டதை ஊரே பார்த்தது.

பெண்களின் கையில் முத்தமிடுவது எங்கள் போலந்துக்காரர்களின் பழக்கம். உக்ரைனிலிருந்து வந்தவன் அதை எங்களைவிட அழகாகச் செய்தால் எரிச்சல் வராதா?

டனூட்டாவின் கட்டைவிரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கசகசா. விடிவதற்கு முன்பே எழுந்து அவனுக்காகக் கசகசா கேக் சுட்டிருந்தாள். எனக்கு அந்தக் கேக் கிடைப்பது கிறிஸ்துமஸுக்குத்தான். அதுவும் ஓரத்துண்டு.

முத்தத்தைக்கூட மன்னித்துவிடலாம். அவன் கூட்டிக்கொண்டு போக வந்தது டனூஷாவை.

டனூஷா எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டி. இங்கே புது வண்டி வந்தால் பாதிரியார் தீர்த்தம் தெளித்துப் பெயர் வைப்பார். ஞானத்தாய் ஒருத்தி பக்கத்தில் நிற்பாள். அன்றைக்கு ஞானத்தாயாக நின்றது என் மனைவி. அவள் பெயரையே செல்லமாக்கி வண்டிக்கு வைத்தோம். அன்றிலிருந்து டிரைவர் நான். வீட்டில் ஒருத்தி, கொட்டகையில் ஒருத்தி. எவள் என் பேச்சைக் கேட்பாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மேடையில் ஊராட்சித் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நாட்டுக்கு நம் நாடு கொடுத்த வாக்கு, அதில் நம் ஊரின் பங்கு என்று ஏதேதோ.

அரசாங்கம் டாங்கிகளை அனுப்பியபோது நானும் கைதட்டினேன். பீரங்கிகள் போனபோதும் தட்டினேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் துடைத்து வைத்ததில்லை. அதனால் தாராளமாகத் தட்ட முடிந்தது.

ஓஸ்தாப்பின் ஊரில் தீயணைப்பு நிலையத்தின் மீதே குண்டு விழுந்ததாம். இருந்த இரண்டு வண்டிகளும் எரிந்துபோயினவாம். தீ பிடித்தால் வாளியோடு ஓடுகிறார்களாம். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்டால்தானே.

அவன் டனூஷாவில் ஏறி, என் இருக்கையில் உட்கார்ந்தான். பக்கத்து ஊர்கள் கொடுத்த வண்டிகள் இரண்டு நெடுஞ்சாலையில் காத்திருந்தன. மூன்றும் சேர்ந்து எல்லையைத் தாண்ட வேண்டும்.

சாவியைத் திருப்பினான்.

சத்தமே இல்லை.

எனக்கு வயிற்றில் வோட்கா இறங்கியதுபோல இதமாக இருந்தது.

ஒரு கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் நண்பர்கள் குடித்துவிட்டு டனூஷாவை ஓட்டிக்கொண்டு போய் வாத்துக்குளத்தில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு பேட்டரி ஸ்விட்சைக் கழற்றி இருக்கைக்கு அடியில், கை மட்டும் நுழைகிற இடத்தில் மறைவாக மாட்டினேன். அதைத் திருப்பாமல் சாவி போட்டால் டனூஷா அசைய மாட்டாள்; நேற்று இரவும் அணைத்துத்தான் வைத்திருந்தேன். துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸும் அப்பினேன். அது எங்கே இருக்கிறது என்று கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

மறுபடி திருப்பினான். ஊராட்சித் தலைவர் வியர்வையைத் துடைத்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள்.

"அவ பதிவிரதைடா தம்பி!" என்று எக்காளம் ஊதும் வின்சென்ட்டி கத்தினான். "நம்ம லூட்விக்கைத் தவிர வேற ஆம்பளை கை பட்டா அசைய மாட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடக்கமாக நின்றேன். அதாவது, அடக்கமாக நிற்பதுபோல நின்றேன்.

வாயில் பொய் தயாராக இருந்தது. பேட்டரி செத்துப்போச்சு, அடுத்த வாரம் பார்க்கலாம். அவ்வளவுதான். அடுத்த வாரம் வேறு ஏதாவது செத்துப்போகும்.

ஓஸ்தாப் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சாவியை நீட்டினான்.

"என்னால ஆகலை, பெரியவரே. நீங்களே எழுப்புங்க."

அவன் சட்டையில் புகை வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாசனை. என் சட்டையிலும் அதேதான். டனூட்டா முப்பது வருடமாகத் திட்டுகிற வாசனை.

பொய்யை விழுங்கிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்தேன். யாருக்கும் தெரியாதபடி குனிந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஸ்விட்சைத் திருப்பப் போனேன்.

திருப்ப வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே திருப்பப்பட்டிருந்தது.

சாவியைத் தொட்டதும் டனூஷா உறுமி எழுந்தாள். ஊர் கைதட்டியது. வின்சென்ட்டி எக்காளத்தை அலற விட்டான். நான் கதவுப் பக்கம் நின்ற ஓஸ்தாப்பைப் பார்த்தேன். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஸ்டேஷன்ல ஒரு வழக்கம்," என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "வண்டி கை மாறும்போது கடைசித் தடவை பழைய டிரைவர்தான் ஸ்டார்ட் பண்ணணும். நேரா கேட்டா நீங்க முறுக்கிக்குவீங்கன்னு சொன்னாங்க. அதான் சாவியைத் திருப்புற மாதிரி பாவனை மட்டும் பண்ணேன்."

யார் சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கை கண்ணில் பட்டது. கட்டைவிரலில் கறுப்பாகக் கிரீஸ்.

நிமிர்ந்து பார்த்தேன். கேக் தட்டுக்குப் பக்கத்தில் நின்று டனூட்டா தன் கட்டைவிரலைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கசகசாவாக இருந்தால் நக்கியிருப்பாள்.