கல்யாணம் ஆகிற வரைக்கும் பார்க்கலாம்

"உங்க மாப்ள இன்னிக்கும் மேட்னிக்குப் போயிருக்காரு. இதோட அஞ்சு வெள்ளிக்கிழமை ஆச்சு. சொல்லாம இருக்க மனசு கேக்கல."

பச்சைமுத்து போனில் சொன்னதுமே சவுரிராயனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தன் ஊரான காணையிலேயே ஒரு வாடகைக் காரைப் பிடித்தான். விழுப்புரம் தாண்டி, திண்டிவனம் தியேட்டர் எதிரில் இருந்த பச்சைமுத்துவின் டீக்கடையில் வந்து இறங்கினான்.

இன்றைக்குத் தங்கச்சி வெனிலாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போயே தீருவது. வீட்டில் அவன் மனைவி சகாயசெல்வி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கூடத்தைப் பெருக்கி, நாத்தனாருக்குப் பாய்கூட விரித்து வைத்துவிட்டாள்.

வெனிலா பெற்ற பெண் குழந்தை ஒன்பதே நாள்தான் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டு இன்னும் இரண்டு மாதம் முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எத்தனை தடவை கேட்டாயிற்று. "கொஞ்ச நாள் போவட்டும் மச்சான்" என்பான் அவள் புருஷன் லூர்து பிரகாஷ். அவன் மட்டும் டயர் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாராவாரம் படம் பார்ப்பானாம். நெஞ்சில் ஈரமுள்ளவன் செய்கிற காரியமா இது?

"பாக்குறதோட நிக்கிறாரா? வெளிய வந்து விமர்சனம் வேற" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான் பச்சைமுத்து.

"என்னா விமர்சனம்?"

"அத ஏன் கேக்குறீங்க. மொத வாரம் பேய்ப் படம். ஊரே நடுங்கிக்கினு வந்துச்சி. இவரு, 'பங்களாவுல மாடி ஏறுற வரைக்கும் பரவால்ல, அப்புறம் வேணாம்'னாரு. அடுத்து வெட்டுக்குத்துப் படம். நூறு பேரு சாவுறான். அதப்பத்தி ஒண்ணும் சொல்லல. 'கடைசி அஞ்சு நிமிஷத்த எடுத்திருக்கவே கூடாது'ன்னாரு."

"அப்புறம்?"

"காமெடிப் படத்துக்கு ஜனம் வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்குது, இவரு இண்டர்வல்லயே எழுந்து வந்துட்டாரு. டீ ஆறிப்போற வரைக்கும் தொடல. போன வாரம் காதல் படம். 'கல்யாணம் ஆகிற வரைக்கும் பாக்கலாம்'னுட்டுப் போயிட்டாரு. ஏதோ பேஜாரு புடிச்ச ரசனைங்க."

சவுரிராயன் பல்லைக் கடித்தான். பிள்ளையைப் புதைத்த கை ஈரம் காயவில்லை, அதற்குள் காமெடிப் படம்.

மேட்னி விட்டது. வந்தவர்களெல்லாம் கொட்டாவி விட்டபடி வந்தார்கள். "ரெண்டு கிழவனுங்க ஒரு லாரி. அவ்ளோதான் படம். தூக்கம்தான் வருது" என்று ஒருவன் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டான்.

கடைசியாக லூர்து பிரகாஷ் வந்தான். முகம் பளிச்சென்று இருந்தது. நேராகக் கவுண்டருக்குப் போய் ஏதோ வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைப்பக்கம் திரும்பினான்.

"எப்படிங்க படம்?" என்றான் பச்சைமுத்து, சவுரிராயனை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"பர்ஸ்ட் கிளாஸ். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது."

அவ்வளவுதான். பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தான் சவுரிராயன். இத்தனை நாள் வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசியவன், அத்தனையும் காற்றில் விட்டான்.

"என் தங்கச்சி அங்க செத்துக்கினு இருக்கா. உனக்கு பர்ஸ்ட் கிளாஸ் படம் கேக்குதா?"

"மச்சான், கைய எடுங்க. ஜனங்க பாக்குது."

"பாக்கட்டும். அஞ்சு வாரமா ஊரே பாத்துக்கினுதான இருக்கு."

இழுத்த இழுப்பில் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட் கீழே விழுந்தது. சவுரிராயன் பிடியை விடாமலே குனிந்து எடுத்துப் பார்த்தான். நாளைக்குக் காலைக் காட்சி, அதே படம்.

"ரெண்டு டிக்கெட்டா? யாருடா அந்த இன்னொருத்தி?"

பச்சைமுத்து பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்றான்.

"வெனிலாவுக்குத்தான்" என்றான் லூர்து பிரகாஷ்.

"பொய் சொல்லாத. எழுந்து தலை வாராதவ சினிமாவுக்கு வருவாளா?"

"அவளேதான் கேட்டா மச்சான். குழந்தை போன பிற்பாடு அவ வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். 'வீட்டுக்குள்ள மூச்சு முட்டுது, எதுனா படத்துக்குக் கூட்டிக்கினு போ'ன்னா."

"எப்ப கேட்டா?"

"அஞ்சு வாரம் ஆவுது."

"அப்பவே கூட்டிக்கினு போறதுக்கென்ன? நீ மட்டும் போயி உக்காந்து ரசிச்சிட்டு..."

"நான் பாக்காம அவள எப்படி மச்சான் உள்ள கூட்டிக்கினு போறது? பேய்ப் படத்துல மாடியில ஒரு குழந்தை அழுவுது. வெட்டுக்குத்துப் படத்துல கடைசியில அவன் கையில குழந்தையைக் குடுக்குறாங்க. காமெடியில பிரசவ வார்டு. காதல் படத்துல கல்யாணம் ஆனதுமே வளைகாப்பு. இந்தப் படத்துலதான் ரெண்டரை மணி நேரமும் ஒரு குழந்தைகூட வரல."

சவுரிராயனின் கை தானாகச் சட்டையை விட்டது.

வீட்டில் சகாயசெல்வி பாய் விரித்து வைத்திருக்கும் இடம் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. கூடத்தில், அவன் மகள் தூங்குகிற தொட்டிலுக்குப் பக்கத்தில்.