இழுத்துப் பார்த்தவர்கள்

"முழுசாப் படிச்சேன் மெரே. ஒரு வரி விடல. தேறாது."

லாக்லன் சொல்லிவிட்டு, கையிலிருந்த சீஸ் ரோலை நிதானமாக ஒரு கடி கடித்தார்.

மெரேவுக்குச் சுர்ரென்று ஏறியது. வாரக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மென்பொருளாக நிறுவி, ஒன்று ஓடினால் இன்னொன்று படுத்துக்கொள்ள, எல்லாவற்றையும் ஒருவழியாகக் கட்டி மேய்த்து எழுதிய கட்டுரை அது. படிப்பவர் திரையில் இருக்கும் குமிழை இழுத்தால் கடல் சூடாகும். கூடவே மஞ்சள்கண் பெங்குவின்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு கண்ணெதிரே சரியும். டனீடன் நகரப் பல்கலைக்கழகத்தில் அவர்கள் துறையில் இதுவரை யாரும் இப்படி ஒன்றைச் செய்ததில்லை.

துறைத்தலைவர் லாக்லன் தலையசைத்தால் அது அவள் பெயரில் இணையத்தில் ஏறும். இல்லாவிட்டால் வழக்கம்போல அசையாத அச்சுப் பக்கங்களாகச் சுருங்கி, அவர் பெயரை முதலில் போட்டுக்கொண்டு வெளியே போகும்.

"எது தேறாது? அதைச் சொல்லுங்க."

"அந்தக் குமிழ்தான். இழுத்தா கோடு குதிக்குது. ஞாயித்துக்கிழமை பூரா அதோட மல்லுக்கட்டினேன். என் பொண்டாட்டி எட்டிப் பார்த்துட்டு, இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டுன்னு சிரிச்சா."

"குதிக்குதா? என் மடிக்கணினியில வழுக்கிட்டுப் போகுதே."

"உன் கணினி உனக்குத்தானே தாளம் போடும்."

மெரே தன் கைபேசியை எடுத்தாள். கட்டுரையில் அவளோடு சேர்ந்து உழைத்த இருவரும் எழுதியிருந்த பதில்கள் அதில் இருந்தன. அவற்றைச் சத்தமாகப் படித்தாள்.

"ஷோனா எழுதியிருக்காங்க, கேளுங்க. 'தூங்கவே இல்ல மெரே, இழுத்துக்கிட்டே இருந்தேன். கண் கலங்கிடுச்சு.' சியோனே இதைத் தன் வகுப்புல காட்டப் போறாராம். அவங்களுக்கெல்லாம் குதிக்காத கோடு உங்களுக்கு மட்டும் எப்படிக் குதிக்கும்?"

"உன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. நான் உள்ளதைச் சொல்றவன்."

"வயித்தெரிச்சலைச் சொல்றவர்."

லாக்லனின் முகம் சிவந்தது. "வார்த்தையை அளந்து பேசு."

"அளந்துதான் பேசறேன். போன வருஷம் என் கணக்கை உங்க பேருல போட்டீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவை விடமாட்டேன். எங்க குதிக்குது? இப்பவே என் முன்னால இழுத்துக் காட்டுங்க. குதிச்சா எல்லாத்தையும் நானே அழிச்சுடறேன்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

அவர் தன் கைபேசியை எடுத்து, வெள்ளிக்கிழமை அவள் மூவருக்கும் அனுப்பியிருந்த மின்னஞ்சலைத் தேடிப் பிடித்தார். அதிலிருந்த முகவரியை அழுத்தினார். வெள்ளைத் திரை வந்தது. இன்னொரு முறை அழுத்தினார். பக்கத்தைத் திறக்க முடியவில்லை என்றது கைபேசி.

"இந்தக் கட்டடத்துல நெட் மோசம்," என்றார் லாக்லன். "வீட்டுல பட்டுனு திறந்துச்சு."

"கொடுங்க இப்படி." மெரே வெடுக்கென்று வாங்கினாள். அவர் முகவரியைத் தப்பாக அழுத்தியிருப்பார் என்றுதான் நினைத்தாள். உற்றுப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கட்டுரையை அவள் இன்னும் இணையத்தில் ஏற்றவே இல்லை. தன் கணினிக்குள் மட்டும் ஓடவிட்டுச் சரிபார்க்கும் ஒத்திகைப் பக்கத்தின் முகவரியை, வெள்ளிக்கிழமை அவசரத்தில் அப்படியே நகலெடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"லாக்லன், இது என் மடிக்கணினியைத் தவிர உலகத்துல வேற எங்கயுமே திறக்காது," என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "ஞாயித்துக்கிழமை பூரா நீங்க எதை இழுத்தீங்க?"

லாக்லன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஷோனா எதைப் பார்த்துக் கண் கலங்கினாளோ, அதைத்தான்."