காதோரத்து வெளுப்பு

விமான் நகர் வீட்டு டிவியில், மனம் பேதலித்த தமிழ் நர்ஸைப் பற்றிய பழைய இந்திப் படம் ஓடுகிறது. மத்தியான வெயில் படத்தின் மேல் விழ, ரெஜினா எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறாள். இளவயதில் இந்த வேடத்துக்குத்தான் அவள் போய் நின்றாள். "ரொம்பக் கருப்பு, கேமராவுக்கு ஆகாது" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு செக்கச்செவேலென்ற பம்பாய்க்காரி ஒருத்தியைப் பிடித்துக் கருப்புச் சாயம் அப்பியிருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் மட்டும் பூச மறந்த வெளுப்பு. ரெஜினாவின் கண் அங்கேயே கிடக்கிறது. படத்தில் அந்த நடிகை அழுகிறாள். பாழாய்ப்போனவள், நன்றாகத்தான் அழுகிறாள். ரெஜினாவின் விரல்களுக்குள் ஆரஞ்சுச் சுளை நசுங்குகிறது. மகள் ஷெரின் பூரித்துப்போய் அம்மாவின் தோளை உலுக்குகிறாள். "மம்மி, தேக்கோ நா! பாரேன், அப்படியே உன்ன மாதிரியே இருக்கா!"