அணைத்தால் தள்ள வேண்டிய வண்டி

பட்டறைக்கு எதிரே, சுவரோரம், இந்த வாரமும் அந்தக் கறை.

ஐந்து வாரமாகப் பார்க்கிறேன். ஞாயிறு காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிர்த் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பு. இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட். அது தெரிந்தது. யாருடைய வண்டி என்றுதான் தெரியவில்லை. இந்த வட்டாரத்தில் எல்லாரும் ஊற்றுவது பச்சை.

திங்கள்கிழமை, அண்ணி வண்டியை நேராகப் பட்டறைக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"அணைச்சா செல்ஃப் எடுக்காது, தள்ளணும். அணைக்கவா, தம்பி?"

ஆறு வருடம் கழித்துக் கேட்ட முதல் வார்த்தை.

அண்ணனும் நானும் பேசுவதில்லை. அம்மாவுக்கு இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்றான் அவன், மருத்துவமனைத் தாழ்வாரத்தில். போதும், வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றேன் நான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். "நீதான்டா கொன்னே" என்றான். அதோடு சரி.

"அவருக்குத் தெரியாது. காய் வாங்கப் போறேன்னுட்டு வந்தேன்," என்றார் அண்ணி. "ரெண்டு மெக்கானிக் பார்த்தாச்சு. இன்னொரு தடவை கொதிச்சா இன்ஜினே போயிடும்ங்கிறாங்க. கூத்து என்னன்னா, சனிக்கிழமை மட்டும்தான் சூடாகுது."

"திங்கட்கிழமைன்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு வர்ற காய்ச்சல்னு சொல்லலாம்."

அவர் சிரிக்கவில்லை.

வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினேன். என்ன பேசுவதென்று தெரியாத இடத்தில் விளக்கம் சொல்வது எனக்குச் சுலபம்.

"ரெண்டு சென்சார் இருக்கு பாருங்க அண்ணி. ஒத்தை ஒயர் வர்றது டேஷ்போர்டு ஊசிக்குச் சேதி சொல்றது. ரெட்டை ஒயர் வர்றது ஃபேனுக்கு. சூடு ஏறினா ஓடுன்னு அதுதான் சொல்லணும்."

பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று பேச்சுவார்த்தை கிடையாது.

ஒற்றை ஒயர் சென்சார் புதிதாக மின்னியது. சூடு ஏறுகிறது என்று ஒழுங்காகச் சொன்னதைப் பிடித்து மாற்றியிருக்கிறார்கள்.

இரட்டை ஒயரின் சாக்கெட்டைக் கழற்றினேன். அதன் இரண்டு முனைகளையும் துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஃபேன் விர்ரென்று சுற்றியது. ஆக, ஃபேன் நன்றாக இருக்கிறது. அதற்கு வரும் மின்சாரமும் சரி. வாயைத் திறக்காதது அந்தச் சென்சார்தான்.

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஓடுகிற வண்டியை எதிர்க்காற்றே குளிர்வித்துவிடும் என்றேன். ஃபேன் இல்லாமலே நூறு கிலோமீட்டர் போகலாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி நின்ற இடத்திலேயே நின்றால்தான் ஃபேன் வேண்டும். "அரைமணி நேரம் அப்படி நின்னாத்தான் அண்ணி கொதிச்சுக் கூலன்ட் வெளிய வழியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பைபாஸ்ல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரேன்னுதான் சனிக்கிழமை சாயந்திரம் கிளம்புவார்," என்றார் மெதுவாக. "எங்கேயும் நிக்கிறதில்லைன்னார். அப்போ யார் வீட்டு வாசல்ல நிக்கிறார், தம்பி?"

என் வாயில் கொள்ளியை வைக்க. ஊசி, ஒயர் என்று அளந்து ஒரு குடும்பத்தைக் கிளறிவிட்டேன்.

அதன்பின் கைக்கு மட்டும் வேலை கொடுத்தேன். இன்ஜின் ஆறும்வரை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதை முடுக்கினேன். குறைந்திருந்த கூலன்டை நிரப்ப ஓரத்து டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே இளஞ்சிவப்பு.

நிமிர்ந்து தெருவைப் பார்த்தேன்.

எதிர்ச்சுவரோரம் ஒரு வண்டி நின்றால், உள்ளே இருப்பவருக்கு என் பட்டறை முழுதும் தெரியும். சனிக்கிழமை சாயந்திரம் எனக்கு வேலை கழுத்துவரை இருக்கும். தெரு பார்ப்பது என் முதுகைத்தான்.

அணைத்தால் தள்ள வேண்டிய வண்டி. என் வாசலில் அணைத்துவிட்டு, தள்ள அவன் யாரைக் கூப்பிடுவான்?

"வாங்க அண்ணி" என்று கூட்டிப்போய்க் கறையைக் காட்டினேன். டப்பாவையும் காட்டினேன். "சனிக்கிழமை இங்கதான் நிக்கிறான்."

குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் பட்டறையைப் பார்த்தார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மனுஷனை..." என்றார்.

அவர் இரண்டாம் கியர் போட்டு உட்கார, நான் ஒருவனே தள்ளிக் கிளப்பினேன். சின்ன வண்டி, ஓர் ஆள் போதும். அதே சுவரோரம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினோம். ஊசி பாதியைத் தாண்டியது. ஃபேன் தானாகச் சுற்றியது. ஊசி இறங்கியது.

"அப்படியே செல்ஃபையும் பார்த்துடேன், தம்பி."

அரைமணி நேர வேலைதான்.

"அது இருக்கட்டும் அண்ணி," என்றேன். "சனிக்கிழமை இங்க வந்து நின்னதும் வண்டியை அணைச்சிடச் சொல்லுங்க. தள்ள நான் இருக்கேன்."